கிரயமா, ஒத்தியா, வாடகையா?

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் தலைமை ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம்.

திண்டுக்கல்லில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். உங்களுக்கு எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பேன். ஒவ்வொரு முறையும் “விளையாட்டு சமாச்சாரத்துக்குப் போய் தில்லிக்குக் கடிதமா” என்று நானே என்னைக் கேலி செய்துகொண்டு விட்டுவிடுவேன். இப்போது உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் என் அப்பா கேட்ட ஒரு கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் சொல்லும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது.

என் கடை அலமாரியில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி நிற்கிறது. 2017-இல் மகனுக்காக வாங்கிய வீடியோ கேம். விலை 1,499 ரூபாய். விண்வெளியில் கப்பல் ஓட்டும் விளையாட்டு. அட்டைப்படம் பிரமாதமாக இருக்கும். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால் உள்ளே டிஸ்க் இல்லை. ஒரு துண்டுச் சீட்டு, அதில் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு ரகசியக் குறியீடு. அதை இணையத்தில் அடித்தால் விளையாட்டு இறங்கும். எங்கள் வீட்டு இணைப்பில் அது முழுதாக இறங்க இரண்டு இரவுகள் ஆயின. பையன் முதல் நாள் இரவு கணினி முன்னாலேயே தூங்கிவிட்டான்.

தனியாக ஆடும் விளையாட்டு அது. யாரோடும் சேர்ந்து ஆட வேண்டியதில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் நிறுவனத்தின் சர்வரோடு, அதாவது எங்கோ தூரத்தில் இருக்கும் அவர்கள் கணினியோடு, பேசிவிட்டுத்தான் தொடங்கும். சில வருடங்கள் கழித்து ஒருநாள் அந்த சர்வர் பேசவில்லை. “இணைக்க முடியவில்லை, பிறகு முயலவும்” என்றது திரை. பிறகு முயன்றோம். ஒரு வாரம் முயன்றோம். நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டதற்கு மிகப் பணிவான ஒரு பதில் வந்தது: சேவை நிறைவுற்றது, இத்தனை நாள் எங்களோடு பயணித்ததற்கு நன்றி, விதிமுறைகளின் இன்ன பத்தியைப் பார்க்கவும்.

நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. 1,499 ரூபாயைத் திருப்பிக் கேட்கவும் இந்த மடல் இல்லை.

அப்பா பூட்டுத் தொழில் செய்தவர். திண்டுக்கல் பூட்டைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2019-இல் புவிசார் குறியீடே கொடுத்துவிட்டார்கள். மாங்காய்ப் பூட்டு செய்து செய்து அவர் கட்டைவிரல் ஒரு பக்கமாக வளைந்திருக்கும். அன்றைக்கு நானும் பையனும் கணினி முன்னால் புலம்பிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு வந்தார்.

“காசு குடுத்துத்தானடா வாங்குன?”

“ஆமாப்பா.”

“ரசீது இருக்கா?”

“இருக்கு.”

“பெறகு அவன் எப்பிடி எடுத்துக்குவான்? கிரயம் பண்ணுனியா, ஒத்திக்குப் பிடிச்சியா, இல்ல வாடகைக்கு எடுத்தியா, மொதல்ல அதச் சொல்லு.”

அந்தக் கேள்விதான். அவர் கேலியாகக் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பொருளோ இடமோ கை மாறினால் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். கிரயம் என்றால் தலைமுறைக்கும் நம்முடையது. வாடகை என்றால் மாதாமாதம் கொடுக்கிறோம், நிறுத்தினால் காலி செய்கிறோம். அதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. ஒத்தி என்றால் மொத்தமாக ஒரு தொகை கொடுத்து அனுபவிக்கிறோம், பேசிய காலம் முடிந்து காலி செய்யும்போது கொடுத்த பணம் முழுதாகத் திரும்ப வரும். மொத்தப் பணத்தையும் முதலிலேயே வாங்கிக்கொண்டு, எத்தனை வருடம் என்றும் சொல்லாமல், நினைத்த அன்றைக்கு வெளியே போகச் சொல்லி, காலணாவும் திருப்பித் தராத ஒரு ஏற்பாட்டுக்குத் தமிழில் பெயர் இல்லை. ஆங்கிலத்தில் அதற்கு லைசென்ஸ், அதாவது உரிமம், என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஐயா, அல்லது அம்மா, இது என் ஒருவனின் புலம்பல் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக, உலகம் அறிந்த ஒரு கதையைச் சொல்கிறேன்.

பிரெஞ்சு நிறுவனமான யூபிசாஃப்ட் 2014 டிசம்பரில் ‘தி க்ரூ’ என்ற கார் பந்தய விளையாட்டை வெளியிட்டது. அமெரிக்கா முழுவதையும் சுருக்கி ஒரே வரைபடமாக்கி, நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வரை நிறுத்தாமல் வண்டி ஓட்டலாம் என்று செய்திருந்தார்கள். பந்தயமே வேண்டாம் என்று சும்மா ஊர் சுற்றுவதற்காகவே அதை வைத்திருந்தவர்கள் உண்டு. தனியாக ஓட்டினாலும் சர்வர் இணைப்பு கட்டாயம். 2023 டிசம்பர் 14 அன்று அதை விற்பனையிலிருந்து எடுத்தார்கள். 2024 மார்ச் 31 அன்று சர்வரை அணைத்தார்கள். சர்வர் உள்கட்டமைப்பும், கார் கம்பெனிகளிடமும் மற்றவர்களிடமும் வாங்கியிருந்த உரிமங்களும் காரணம் என்றார்கள். அண்மையில் வாங்கியவர்கள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்றும் சொன்னார்கள். மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை.

அதோடு விட்டிருந்தால்கூட இத்தனை கோபம் வந்திருக்காது. ஏப்ரலில், வாங்கியவர்களின் கணக்கிலிருந்தே விளையாட்டின் உரிமத்தை எடுத்துவிட்டார்கள். திறந்தவர்களுக்கு, இந்த விளையாட்டில் இனி உங்களுக்கு அனுமதி இல்லை, வேறு சாகசங்களுக்குக் கடைப்பக்கம் பாருங்கள் என்று திரையில் வந்தது. செத்த வீட்டில் துக்கம் கேட்க வந்தவன் பாத்திர வியாபாரம் பேசின மாதிரி.

பழுதுபார்ப்பவன் என்ற முறையில் இதில் எனக்குப் புரிவதைச் சொல்கிறேன். பல்ப் நம் வீட்டில் இருக்கிறது, மின்சாரமும் நாம்தான் கட்டுகிறோம், ஸ்விட்ச் மட்டும் பாரிஸ் பக்கம் இருக்கிறது. பையன் ஆடும் விளையாட்டின் படம், ஒலி, கணக்கு எல்லாவற்றையும் செய்வது என் மேசைமேல் இருக்கும் கணினிதான். அங்கே தூரத்தில் இருப்பது பல சமயம் “இவன் காசு கொடுத்தவனா” என்று பார்க்கும் வாட்ச்மேனும், எவ்வளவு தூரம் ஆடியிருக்கிறான் என்று எழுதி வைக்கும் ஒரு நோட்டும்தான். சில விளையாட்டுகளில் அதற்கு மேலும் உண்டு; ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே உலகத்தில் சேர்ந்து ஆடுகிறவை இருக்கின்றன, அங்கே சர்வர்தான் விளையாட்டு. எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுக்கச் சொல்லவில்லை. ஆனால் தனியாக ஆடுகிறவனுக்கும் வாட்ச்மேனைக் கட்டிவைத்து, வாட்ச்மேன் வேலையை விட்டால் வீடும் பூட்டு என்றால், அந்த வீட்டை அப்படிக் கட்டியது யார்?

தி க்ரூ விஷயத்தில் அடுத்து நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. விளையாட்டின் மூலநிரலை, அதாவது அதை உருவாக்க எழுதிய கணினிக் கட்டளைகளை, கண்ணால் பார்க்காத ரசிகர்கள் சிலர் சேர்ந்து, சர்வர் என்ன பேசியிருக்கும் என்று ஒவ்வொரு வாக்கியமாகக் கண்டுபிடித்து, சொந்தமாக ஒரு சர்வர் எழுதி, 2025 செப்டம்பரில் அந்தச் செத்த விளையாட்டை மறுபடி ஓட வைத்துவிட்டார்கள். சம்பளமில்லாத வேலை. சாவி தொலைந்த பூட்டுக்கு, பூட்டை வைத்தே சாவி செய்யும் ஆசாரிகளை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அதே வேலைதான். யூபிசாஃப்ட்டும் அதன் பிறகு வந்த ‘தி க்ரூ 2’-க்கு இணையமில்லாமல் ஆடும் வழியை 2025 அக்டோபரில் கொடுத்துவிட்டது. முடியவே முடியாத காரியம் என்று அதுவரை சொல்லப்பட்டதெல்லாம், சத்தம் போட்ட பிறகு முடிந்திருக்கிறது.

சத்தம் போட்டவர் ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர். பழைய விளையாட்டுகளைப் பற்றி வீடியோ போடுகிறவர். 2024 ஏப்ரலில் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ என்று ஓர் இயக்கம் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்தில் பத்து லட்சம் பேர் கையெழுத்திட்டால், ஐரோப்பிய ஆணையம் அந்தக் கோரிக்கைக்கு முறைப்படி பதில் சொல்லியாக வேண்டும் என்று ஒரு வழி உண்டு. 2025 ஜூலை 31-க்குள் 14 லட்சத்துக்கும் மேலான கையெழுத்துகள் சேர்ந்தன. பிரிட்டனில் தனியாக ஒரு மனு லட்சத்தைத் தாண்டி, 2025 நவம்பரில் நாடாளுமன்றத்தில் விவாதத்துக்கும் வந்தது. சட்டத்தை மாற்றும் எண்ணம் இல்லை என்று அங்கே அரசு சொல்லிவிட்டது, இருந்தாலும் பேசினார்களே.

அவர்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சர்வரை என்றென்றைக்கும் ஓட்டு என்று யாரும் கேட்கவில்லை. நிறுத்தும்போது, வாங்கியவன் ஏதோ ஒரு வகையில் ஆடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போ. அவ்வளவுதான்.

இதற்குத் தொழில்துறையின் பதிலையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய விளையாட்டு நிறுவனங்களின் சங்கம் 2025 ஜூலையில் அறிக்கை விட்டது. இணையத்துக்கென்றே அடித்தளத்திலிருந்து கட்டிய விளையாட்டுகளை மாற்றுவது ரொம்பச் செலவு. ஆடுபவர்களே சர்வர் நடத்தினால் அவர்கள் தகவலுக்கும் பாதுகாப்புக்கும் யார் பொறுப்பு, சட்டவிரோதமாக எதையாவது போட்டால் யார் நீக்குவது என்று கேட்டது. செலவு என்பதை நான் ஒதுக்க மாட்டேன். ஏற்கெனவே கட்டி முடித்ததை உடைத்துக் கட்டுவது கஷ்டம்தான். ஆனால் நாளைக்குக் கட்டப்போவதற்கு இந்தச் சாக்கு எப்படிப் பொருந்தும்? மாடிப்படி வைக்காமல் வீடு கட்டிவிட்டு, இப்போது படி வைத்தால் எவ்வளவு செலவு தெரியுமா என்கிற கதை. பாதுகாப்பைப் பற்றிய கவலையோ, எனக்குச் சிரிப்பு வருகிறது. 2004 வாக்கில் நான் வேலை பார்த்த பிரவுசிங் சென்டரில் ஆறு கணினிகளை ஒரு வயரில் கோத்து, பள்ளி விட்டதும் வந்து குவியும் பையன்களை நாங்களே சர்வர் போட்டு ஆடவிட்டோம். அங்கே நடந்த ஒரே சட்டவிரோதம், நாங்கள் போட்டிருந்த விளையாட்டு திருட்டு சி.டி. என்பதுதான்.

அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் ஊருக்கு அசல் வரவே வராது. சென்னை ரிச்சி தெருவிலிருந்து யாராவது பை நிறைய சி.டி. கொண்டுவருவார்கள், ஐம்பது ரூபாய். தப்பு என்று தெரியும். சம்பாதிக்கத் தொடங்கியதும் இனி காசு கொடுத்துத்தான் வாங்குவது என்று எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு போட்டுக்கொண்டேன். அந்தக் கட்டுப்பாட்டின் முதல் கொள்முதல்தான் மேலே சொன்ன 1,499 ரூபாய்ப் பெட்டி. பிரவுசிங் சென்டர் மூடியபோது நான் எடுத்து வந்த பழைய சி.டி.க்களில் இரண்டு இன்றைக்கும் ஓடுகின்றன. காசு கொடுத்தது ஓடவில்லை. பையன் இரண்டையும் பார்த்துவிட்டு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்வேன் என்று இன்னும் தெரியாது.

இப்போது உங்கள் அதிகாரத்துக்கு வருகிறேன். நான் வக்கீல் இல்லை. ஆனால் கடையில் வேலை குறைவான மதியங்களில் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்தேன். அதில் விளம்பரம் என்றால் என்ன என்று ஒரு விளக்கம் இருக்கிறது, படித்ததும் அசந்துவிட்டேன். ஒளி, ஒலி, புகை, வாயு, அச்சு, மின்னணு ஊடகம், இணையம், இவை எதன் மூலம் சொன்னாலும் விளம்பரம். லேபிள், மேலுறை, விலைப்பட்டியல் ரசீது உட்பட எல்லாம் அதில் அடக்கம். வானத்தில் புகையால் எழுதி ஏமாற்றினால்கூடத் தப்பிக்கக் கூடாது என்று யோசித்து எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் கடைத் திரையில் பச்சையாக மினுங்கும் “வாங்கு” என்ற பொத்தானும் விளம்பரம்தானே? உள்ளே துண்டுச் சீட்டு மட்டும் இருக்கும் பெட்டியின் மேலட்டையும் விளம்பரம்தானே? வாங்கு என்று சொல்லிவிட்டு, நாற்பது பக்க விதிமுறைகளின் நடுவில், இது விற்பனையல்ல, எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறக்கூடிய அனுமதி என்று பொடி எழுத்தில் எழுதுவது, பிரிவு 2(28) சொல்லும் தவறாக வழிநடத்தும் விளம்பரம் இல்லையென்றால் வேறு எதுதான் அது?

தவறாக வழிநடத்தினால் 10 லட்சம் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்க பிரிவு 21 உங்களுக்கு அதிகாரம் கொடுக்கிறது. பன்னாட்டு நிறுவனங்களுக்கு அது டீச் செலவு. அபராதம் முக்கியமில்லை. உங்கள் கையெழுத்தில் ஓர் உத்தரவு வந்தால், அந்தப் பொத்தானில் எழுதியிருக்கும் சொல் மாறும்.

மாறும் என்பதற்கு உதாரணம் கலிபோர்னியா. அங்கே 2024 செப்டம்பரில் ஒரு சட்டம் கையெழுத்தாகி, 2025 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. இணையம் வழி விற்கும் விளையாட்டு, படம், புத்தகம் எதுவானாலும், கொடுப்பது அனுமதி மட்டுமே என்றால், அதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லாமல் “வாங்கு” என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. நிரந்தரமாக இறக்கி வைத்துக்கொள்ளக் கொடுப்பவர்களுக்கு அந்தத் தடை இல்லை. சட்டம் அமலுக்கு வரும் முன்பே, 2024 அக்டோபரில், கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடையில் பணம் கட்டும் பக்கத்தில் ஒரு வரி முளைத்தது: நீங்கள் பெறுவது உரிமம் மட்டுமே என்று. போலந்துக்காரர்களின் ஜி.ஓ.ஜி. கடை உடனே, எங்களிடம் வாங்கி இறக்கி வைத்துக்கொண்டதை யாரும் உங்களிடமிருந்து பறிக்க முடியாது என்று மார்தட்டியது. உண்மையைச் சொல்ல வேண்டும் என்று ஆனதும், உண்மையே வியாபாரப் போட்டியாகிவிட்டது பாருங்கள்.

ஒப்பந்தம் பற்றியும் சட்டத்தில் இருக்கிறது. தகுந்த காரணமின்றி ஒரு தரப்பு மட்டும் தன்னிச்சையாக முறித்துக்கொள்ள இடம் தருவது நியாயமற்ற ஒப்பந்தம் என்று பிரிவு 2(46) சொல்கிறது. நல்லது. ஆனால் நியாயமற்ற ஒப்பந்தம் என்று வழக்குப் போட மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போக முடியாது, மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். 1,499 ரூபாய்க்காக எவன் கடையைப் பூட்டிவிட்டு, வக்கீல் வைத்து, வாய்தாவுக்கு அலைவான்? தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவர் நட்டமும் வழக்குப் போடும் அளவுக்கு இல்லை என்பதுதான் இந்த வியாபாரத்தின் பலமே. உங்கள் ஆணையத்தை உண்டாக்கியதே இதற்காகத்தான் என்று நான் புரிந்துகொண்டேன். ஒருவர் ஒருவராக நிற்க முடியாதவர்களை ஒரு கூட்டமாகப் பார்ப்பதற்கு.

நீங்கள் அப்படிப் பார்த்தும் இருக்கிறீர்கள். ஹோட்டல் பில்லில் கேட்காமலே சேவைக் கட்டணம் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டீர்கள். ஹோட்டல்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் உங்கள் பக்கம் நின்றது. 2023 நவம்பரில், இணையக் கடைகள் கண்ணைக் கட்டும் தந்திரங்கள் பதின்மூன்றைப் பட்டியலிட்டுத் தடை செய்தீர்கள். பொய்யான அவசரம் காட்டுவது, கூடையில் நைசாகச் சரக்கைச் சேர்ப்பது, சந்தாவில் சேர்ந்தால் வெளியே வர முடியாமல் செய்வது எல்லாம் அதில் உண்டு. பதினான்காவதாக ஒன்று சேர்க்கச் சொல்லித்தான் இந்த மடல் என்றுகூட வைத்துக்கொள்ளலாம்.

குழந்தைகள் விளையாட்டுதானே என்று யாராவது உங்கள் மேசையில் சொல்லக்கூடும். பிளேஸ்டேஷன் 5 என்ற விளையாட்டுக் கருவிக்கு சோனியே வெளியிடும் பெரிய விளையாட்டுகள் இங்கே 4,999 ரூபாய்க்கு விற்றன. டிஸ்க்காக வாங்கினால் ஆடி முடித்துப் பாதி விலைக்காவது விற்றுவிடலாம். எங்கள் ஊர்ப் பையன்கள் நாலு பேர் சேர்ந்து காசு போட்டு ஒன்று வாங்கி, சுற்றில் விட்டு, கடைசியில் விற்று அடுத்தது வாங்குவார்கள். இணையத்தில் வாங்கியதை விற்கவும் முடியாது, தம்பிக்குக் கொடுக்கவும் முடியாது. விலை மட்டும் அதேதான்.

இன்னொன்று, இது உங்கள் அமைச்சகம் செய்ததில்லை, பக்கத்து அமைச்சகம் செய்தது, இருந்தாலும் சொல்கிறேன். 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி மொபைல் தடை செய்யப்பட்டது. அக்டோபர் 30-ஆம் தேதியோடு இந்தியாவில் சேவை நின்றது. தடை சரியா தப்பா என்ற பேச்சுக்குள் நான் வரவில்லை. நாட்டின் பாதுகாப்பு பற்றி எனக்கு என்ன தெரியும். ஆனால் அந்த விளையாட்டுக்குள் தங்கள் பொம்மைக்குச் சட்டையும் துப்பாக்கிக்கு அலங்கார உறையும் வாங்கப் பிள்ளைகள் கொட்டியிருந்த பணத்துக்கு என்ன கணக்கு என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. அடுத்த வருடம் வேறு பெயரில் விளையாட்டு வந்தபோது பழைய கணக்கை மாற்றிக்கொள்ள நிறுவனம் வழி செய்தது. வழி செய்யாமல் போயிருந்தாலும் கேட்க ஆளில்லை என்பதுதான் எனக்கு உறுத்தல்.

விளையாட்டை விடுங்கள். 2025 அக்டோபர் 14-க்குப் பிறகு, மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் 10-க்கு இலவசப் பாதுகாப்பு மேம்பாடு நின்றுபோனது. புதிய பதிப்போ பழைய சிப் உள்ள கணினிகளை ஏற்பதில்லை. நன்றாக ஓடும் கணினியைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து, “தம்பி, இது கெட்டுப்போச்சாமே” என்று கேட்ட ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு நான் என்ன சொல்வது? கூடுதலாக ஒரு வருடப் பாதுகாப்பு வேண்டுமென்றால் முப்பது டாலர் கட்டு, இல்லையென்றால் கணினியின் அமைப்புகளை எங்கள் கிளவுடில், அதாவது இணையச் சேமிப்பகத்தில், ஏற்று என்றார்கள். ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்புகள் பிடித்துக் கேட்டதும், அங்கே மட்டும் அந்த நிபந்தனைகளைத் தளர்த்தி இலவசமாகவே கொடுத்துவிட்டார்கள். அதே மென்பொருள், அதே நிறுவனம். கேட்டவர்களுக்குக் கிடைத்தது.

திருப்பித் தரவே முடியாது என்றும் இல்லை. இணையம் வழியே விளையாட்டு ஆடவைக்கும் தன் ஸ்டேடியா சேவையை கூகுள் 2023 ஜனவரியில் மூடியபோது விளையாட்டுக்கும் கருவிக்கும் வாங்கிய பணத்தைத் திருப்பியது. சோனி ‘கான்கார்ட்’ என்ற விளையாட்டை 2024 ஆகஸ்டில் இறக்கி, கூட்டம் வராததால் இரண்டே வாரத்தில் மூடி, எல்லோருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. இவர்கள் தர்மப் பிரபுக்கள் இல்லை. இரண்டு இடத்திலும் பெயர் கெட்டுவிடும் என்ற பயம்தான் வேலை செய்திருக்கும். அந்தப் பயம் எல்லா நிறுவனத்துக்கும் எல்லா ஊர் வாடிக்கையாளரிடமும் இருக்கும்படி செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

செய்யக் கூடியது இதுதான். விற்பதாகச் சொன்னால் விற்க வேண்டும். நிறுவனம் சர்வரை நிறுத்தும் நாளில் பொருள் தன்னந்தனியாக ஓடும்படி ஒரு கடைசி மேம்பாடோ, நாங்களே சர்வர் போட்டுக்கொள்ளும் கருவியோ கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அது முடியாது, இது வாடகைதான் என்றால், அந்தச் சொல்லையே பொத்தானில் போடட்டும். குறைந்தபட்சம் எந்தத் தேதிவரை ஓடும் என்று பெட்டியின் மேல், விலைக்குப் பக்கத்தில், விலை எழுதிய அதே அளவு எழுத்தில் போடட்டும். பால் பாக்கெட்டில் போடுகிறார்கள், மாத்திரை அட்டையில் போடுகிறார்கள். அந்தத் தேதிக்கு முன்னால் மூடினால், ஒத்திக்காரன் போல் பணத்தைத் திருப்பட்டும். இனிமேல் வரப்போகும் விளையாட்டுகளுக்கு மட்டும் என்று ஆரம்பித்தாலும் எனக்குச் சம்மதமே. என் பெட்டி போனது போகட்டும்.

இதில் எந்தப் பகுதி உங்கள் வரம்புக்குள் வரும், எது வராது என்று எனக்கு எழுதினால் போதும். ஆங்கிலத்தில் இருந்தாலும் பரவாயில்லை, படித்துச் சொல்லிவிடுவேன். கேள்வி கேட்டவருக்கு எழுபத்து நான்கு வயது. கடைக்கு வரும்போதெல்லாம் அலமாரியைப் பார்த்துவிட்டு, “தில்லியில இருந்து பதில் வந்துச்சா” என்று கேட்கிறார். நான் இன்னும் கடிதமே போடவில்லை என்று அவருக்குத் தெரியாது.

பெட்டியும், துண்டுச் சீட்டும், அன்றைய ரசீதும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. விசாரணைக்கு வேண்டும் என்றால் பதிவுத் தபாலில் அனுப்பிவைக்கிறேன். தபால் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
திண்டுக்கல்லிலிருந்து ஒரு கணினிப் பழுதுபார்ப்பவன்